பழைய வீடு வாங்குமுன் மூட்டையைக் குத்திப் பாருங்கள்



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கினாலும் நாம் ஊசியால் குத்தி, கையில் கொட்டி, வண்டு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுகிறோம். ஆனால் அதே நாம், ஆயுள் முழுவதும் சேர்த்த முதலைப் போட்டுப் பழைய வீடு ஒன்றை வாங்கும்போது, வாசலில் நின்று பார்த்து, வாஸ்து கேட்டு, வில்லங்கம் போட்டுப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். பத்திரத்தைப் பார்க்கும் கண்ணில் பாதியாவது கட்டடத்தைப் பார்ப்பதில்லை.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் கடைவீதிகளில் முன்பக்கம் கடை, பின்பக்கம் கிட்டங்கி, மேலே குடியிருப்பு என்று அமைந்த பழைய வீடுகள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. வியாபாரிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆகவே ஆசை முந்திக்கொள்கிறது.

எங்களுக்கு நேர்ந்தது

2006ஆம் ஆண்டில் நாங்கள் அப்படி ஒரு வீட்டை 9 லட்ச ரூபாய்க்குக் கிரயம் செய்தோம். தேக்கு உத்திரம் போட்ட காரை வீடு. புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. சில்லறை மராமத்துக்கு 40 ஆயிரம் போதும் என்று கணக்குப் போட்டோம். அந்த ஐப்பசி மழையில் கிட்டங்கிக் கூரை மூன்று இடங்களில் ஒழுகியது. சுவரோரம் அடுக்கியிருந்த சீனி மூட்டைகள் கசிந்து பாகாகிவிட்டன. ஆசாரியை அழைத்துப் பார்த்தபோது, சுவருக்குள் போகும் உத்திரக் கட்டைகளின் முனைகள் திருப்புளியால் குத்தினால் மாவாக உதிர்ந்தன. வெள்ளையடித்தது கரையான் ஓடிய தடத்தை மறைக்கத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

மொத்தச் செலவு 4 லட்சத்து 10 ஆயிரம். அந்தப் பணம் வியாபார முதலிலிருந்துதான் போனது. விருதுநகர் சரக்குக்குத் தவணை தவறாமல் பணம் கட்டி வந்த எங்கள் பெயரில் முதன்முறையாக இரண்டு தவணைகள் நின்றன. வீட்டு நகை அடகுக்குப் போனது. கூரை ஆறு மாதத்தில் சரியாயிற்று. சந்தையில் போன நாணயத்தை மீட்க இரண்டு வருஷம் பிடித்தது. ஒரு கொத்தனாருக்கும் ஒரு ஆசாரிக்கும் ஒரு நாள் கூலி கொடுத்து முன்னதாகவே கூட்டிப்போயிருந்தால் இத்தனையும் தெரிந்திருக்கும்.

எங்கே பார்க்க வேண்டும்?

மேல்தளம்: பழைய காரை வீட்டில் மரக்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டுக் கெட்டித்திருப்பார்கள். நல்ல வேலை தலைமுறைகளைக் கடந்து நிற்கும். ஆனால் ஒழுகுகிறது என்று பின்னால் வந்தவர்கள் அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தால், விரிசல் வழியே இறங்கும் நீர் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி மரத்தை அழுக வைக்கும். மரம் சுவருக்குள் நுழையும் இடத்தைத்தான் குத்திப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

காங்கிரீட்: 1970, 80களில் போட்ட காங்கிரீட் தளங்களில் கம்பிக்கு மேலுள்ள பூச்சு மெல்லியதாக இருப்பதைப் பார்க்கிறோம். ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். கூரையின் அடியில் கம்பி போன வரிசையில் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கம்பால் தட்டினால் பொள்ளென்று ஓசை வந்தால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது. மேலே பூசி மறைப்பது மராமத்து ஆகாது. கம்பியைச் சுத்தம் செய்து, தேவையானால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும்.

சுவர்: முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயல்களை ஒட்டிய தெருக்களில் ஓதம் அதிகம். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்திருந்தால் அதுதான் அடையாளம். அந்த அறையைக் கிட்டங்கியாக வைத்தால் சீனி, உப்பு, வெல்லம் எதுவும் தாங்காது. மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசல் அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டலாம். அதன் குறுக்கே ஒரு காகிதப் பட்டையை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் அது கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

பொதுச்சுவர்: கடைவீதி வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர் இருப்பது சகஜம். அதை நாம் மட்டும் இடிக்கவோ உயர்த்தவோ முடியாது. தாய்ப் பத்திரத்தில் சுவர் யாருக்கு என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மின்சாரம், குழாய்: மரப்பட்டை வயரிங்கும், எர்த் இல்லாத பிளக்கும் இருந்தால் முழுவதையும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்கு வீட்டு இணைப்பிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால் அந்தத் தொல்லையும் நம் தலையில் விழும். பழைய இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி அடைத்திருக்கும். கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, கிணற்றுக்கோ போருக்கோ எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

முடிந்தால் வீட்டை மழையில் போய்ப் பாருங்கள். கூடலூர், கம்பம் பக்கமானால் ஆனி, ஆடிச் சாரலிலும், தேனி, ஆண்டிபட்டி பக்கமானால் ஐப்பசி, கார்த்திகையிலும் பார்ப்பது நல்லது. சித்திரையில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

உத்தரவாதம் யார் தருவார்?

மிக்ஸி வாங்கினால் உத்தரவாத அட்டை வருகிறது. வீட்டுக்கு உண்டா? அமெரிக்காவில் பழைய வீடு வாங்குவோருக்கு வருடச் சந்தாவில் குழாய், மின்சாரம், குளிர்சாதனம் போன்றவற்றைப் பழுது பார்த்துத் தரும் கம்பெனிகள் 1971 முதல் இருக்கின்றன. அங்கும் ஏற்கெனவே இருந்த கோளாறுக்குப் பொறுப்பில்லை என்று நிபந்தனை போடுவது வழக்கம்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற்ற புதுக் கட்டடத் திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து புகார் செய்தால், கட்டியவர் 30 நாளில் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். தனி ஆளிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு இது பொருந்தாது.

பழைய வீட்டுக்கு உள்ள பாதுகாப்பு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் எழுதியதே செல்லும். அவருக்குத் தெரியும் என்பதை நிரூபிக்கும் பாரமும் நம்முடையது. கோர்ட்டுக்கு நடக்கும் காலத்தில் இரண்டு வீடு கட்டிவிடலாம். ஆகவே கிரய ஒப்பந்தத்திலேயே, கூரை ஒழுக்கு, கரையான், அஸ்திவாரம் பற்றி விற்பவர் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான். வங்கி ஏலத்தில் எடுக்கும் வீடோ ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனையில் வருவது. அங்கே பின்னால் போய்க் கேட்பது கடினம்.

இன்சூரன்ஸ் வேறு விஷயம். 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுப் பாலிசி வந்திருக்கிறது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு இவற்றுக்கு அது உதவும். தேய்மானத்துக்கும் கரையானுக்கும் உதவாது. கடைச் சரக்குக்கும் அது பொருந்தாது. சிறு வியாபாரத்துக்கென்று உள்ள ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியைத் தனியாக எடுக்க வேண்டும்.

அடக்கவிலைக் கணக்கு

சரக்குக்கு லாரி வாடகை, இறக்குக்கூலி, வட்டி சேர்த்து அடக்கம் போடுவது போல் வீட்டுக்கும் போட வேண்டும். உதாரணமாக:

வீட்டின் விலை – ரூ.40,00,000
முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் – ரூ.3,60,000
கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீசியன் சொன்ன மராமத்து – ரூ.6,00,000
திறந்த பிறகு தெரியவரும் வேலைக்கு அதில் மூன்றிலொரு பங்கு – ரூ.2,00,000
வேலை முடிய 5 மாதம், விலைத் தொகைக்கு மாதம் 1 சதவீத வட்டி – ரூ.2,00,000
ஆக மொத்தம் – ரூ.53,60,000

நம்மால் 50 லட்சம்தான் முடியும் என்றால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். மராமத்தும் வட்டியுமான 10 லட்சத்தைக் கழித்தால் மிச்சம் 40 லட்சம். பதிவுச் செலவையும் நீக்கினால் நாம் கேட்கக்கூடிய விலை ஏறக்குறைய 36 லட்சத்து 70 ஆயிரம். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடை முதலிலிருந்து போகிறது. மராமத்துப் பட்டியலை எழுத்தில் வைத்துக்கொண்டு பேசினால் விற்பவரும் இறங்கி வருவார். வெறுமனே ‘குறைத்துக் கொடுங்கள்’ என்றால் எவரும் குறைப்பதில்லை.

2015ஆம் ஆண்டுக்குப் பின், சொத்துக் கிரயத்தில் 20 ஆயிரம் ரூபாய் முதல் ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி அபராதத்துக்கு உரியது என்பதையும் நினைவில் வையுங்கள். அட்வான்ஸைக் காசோலையாகக் கொடுத்தால் நமக்கும் அதுவே சாட்சி.

பழைய வீடு என்றாலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பருத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் தரும் குளிர்ச்சி இன்றைய கட்டடத்தில் இல்லை. அப்படிப்பட்ட தேக்கு இன்று கிடைப்பதுமில்லை. 2019இல் எங்கள் மகனுக்காக இன்னொரு பழைய வீட்டைப் பார்த்தபோது கொத்தனாரையும் ஆசாரியையும் கூட்டிப்போனோம். கூலியாக 2,500 ரூபாய் கொடுத்தோம். அஸ்திவாரம் இறங்குகிறது, வேண்டாம் என்றார்கள், திரும்பி வந்துவிட்டோம். தரகருக்கு வருத்தம், மகனுக்கும் சற்று வருத்தம்தான். அந்த 2,500 ரூபாயைப் பேரேட்டில் செலவு என்று எழுதினோம். அந்த வருஷத்தின் பெரிய லாபம் அதுதான்.