உழுசாலில் கிடைத்த உலோகத் துண்டு

ஏர் ஓட்டும்போதும், கிணற்றைத் தூர் வாரும்போதும், வீடு கட்ட வானம் தோண்டும்போதும் மண்ணோடு சிறு உலோகத் துண்டுகள் வெளிப்படுவது நம் கம்பம் பள்ளத்தாக்கில் புதுமையன்று. பச்சைக் களிம்பேறிய தகடு, கருத்துப்போன வெள்ளி வில்லை, எழுத்துத் தேய்ந்த பதக்கம் ஆகியவற்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, "சாமி, இது என்ன?" என்று நம்மிடம் கேட்போரும் உளர். உலோகம் காட்டும் கருவி இப்போது எளிதில் விலைக்குக் கிடைக்கிறது. அதன் சுருளில் எழும் காந்தப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது. அதனைக் கருவி ஒலியாக்குகிறது. உலோகம் உண்டு என்று அது சொல்லும். அப்பொருள் என்ன என்று சொல்லாது. சோடா மூடிக்கும் பாண்டியர் காசுக்கும் எளிய கருவி ஏறக்குறைய ஒரே குரலில்தான் கூவுகிறது.

ஆதலின், பொருளை அடையாளம் காணும் வேலை மனிதருடையதே. அந்த வேலையைத் தொடக்கத்திலேயே கெடுத்துவிடுவது எது தெரியுமா? நம் வீட்டுப் புளி! பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல், கிடைத்த காசையும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குகின்றனர். செம்பின்மேல் படிந்த களிம்பு வெறும் அழுக்கன்று. பல நூற்றாண்டுகளில் அவ்வுலோகமே மாறி அடைந்த மேற்பரப்பு. பொறித்த உருவமும் எழுத்தும் பெரும்பாலும் அந்த மெல்லிய படலத்திலேயே தங்கியுள்ளன. புளியின் அமிலம் அதனைக் கரைத்தால் எழுத்தும் உடன் போய்விடும். மதுரையில் கிடைத்த சதுரச் செப்புக்காசு ஒன்றில் 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் இருப்பதை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து உலகிற்கு அறிவித்தார். சங்க காலப் பாண்டியன் ஒருவன் தன் பெயரிட்டுக் காசு வெளியிட்டான் என்பதற்கு அச்சிறு செம்புத் துண்டே சான்றாயிற்று. எவரேனும் அதனை முன்னரே பளபளக்கத் தேய்த்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

நம் பள்ளத்தாக்கின் பெருமைக்கு உலோகமே சாட்சி கூறிய இடங்கள் உண்டு. பாண்டியரின் மரபையும், மதுரையில் சங்கம் நிறுவியதையும், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் எடுத்துரைக்கும் செப்பேடுகள் நம் சின்னமனூரின் பெயராலேயே வழங்குகின்றன. போடிநாயக்கனூரில் முத்திரை குத்திய வெள்ளிக்காசுகள் ஒரு குவியலாகக் கிடைத்தன. இவ்வகைக் காசுகளில் அரசன் முகம் இராது, பெயரும் இராது. வெள்ளித் தகட்டைத் துண்டாக்கி, எடை சரியாகும்வரை மூலையை நறுக்கி, கதிரவன், யானை, மரம் போன்ற குறிகளைத் தனித்தனி அச்சால் குத்தினர். அறியாதார் கண்ணுக்கு அது உடைந்த தகட்டுச் சில்லேயன்றி வேறன்று. போடிக் காசுகளின் பின்புறத்திலுள்ள குறியை மீனின் கோட்டுருவாகக் கண்ட அறிஞர்கள், அவை பாண்டியர் வெளியிட்டவை எனத் துணிந்தனர். ஒரே குறி ஒரே குவியலின் காசுகளில் மீண்டும் மீண்டும் வந்தமையால் அன்றோ அத்துணிவு பிறந்தது? உறவினருக்கு நான்கு, தட்டாருக்குப் பத்து எனப் பிரிந்திருந்தால் அவை வெறும் வெள்ளி.

கூடலூர், கம்பம் பக்கத்தில் மிளகைவிடச் சற்றே அகன்ற வெள்ளிப் பொட்டு கிடைத்தால், அறுந்த தோட்டின் பகுதி என எறிந்துவிடாதீர்கள். குமுளி மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் நாட்டில் வழங்கிய சக்கரம் அதுவாக இருக்கலாம். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அவற்றை விரலால் எண்ணுவது எளிதன்று. ஆகவே சிறு குழிகள் வரிசையாக அமைந்த மரப்பலகையில் கொட்டி, அசைத்து, குழிகள் நிறைந்ததும் கணக்கிட்டனர். நல்ல யுக்தி!

நம் குடும்பங்களுக்கு நெருக்கமான இன்னொரு பொருள் நீள்வட்டப் பதக்கம். ஒரு பக்கம் கரங்களிலிருந்து ஒளி பொழியும் அன்னை. மறுபக்கம் சிலுவை தாங்கிய 'எம்' எழுத்து, இரண்டு இருதயங்கள், பன்னிரு விண்மீன்கள். இதுவே அற்புதப் பதக்கம். பலவற்றில் 1830 என்று பொறித்திருக்கும். அதைக் கண்டு அவ்வாண்டிலேயே வார்த்தது என மகிழ வேண்டாம். அது பாரீசில் புனித கத்தரீன் லபூரே காட்சி கண்ட ஆண்டு. முதற்பதக்கங்களே 1832-இல்தான் உருவாயின. சென்ற ஆண்டு செய்த பதக்கத்திலும் 1830 இருக்கலாம்.

ஆண்டெழுத்தை நம்புவதால் வரும் பெருங்கேடு வேறொன்று உண்டு. இராமர், அனுமன் உருவங்களுடன் 1818 என்றும் கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் பொறித்த செப்பு வில்லைகள் ஊர்தோறும் உலவுகின்றன. அவை கம்பெனி அச்சிட்டவை அல்ல, பிற்காலத்தில் செய்தவை. இவற்றையும் பழஞ்செம்புகளையும் காட்டி, "அரிசியை இழுக்கும், உள்ளே இரிடியம் இருக்கிறது, கோடிக்கு வாங்க ஆள் உண்டு" என்று ஏய்க்கும் கூட்டத்தார் தமிழகமெங்கும் பிடிபட்டுள்ளனர். இரும்புத்தூள் பூசிய அரிசி, மறைத்துவைத்த காந்தம், இவ்வளவே அந்த அற்புதம். இரிடியமோ அரிசியை இழுக்காது. காந்தத்திலேயே அது ஒட்டாது. மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தை "சோதனைச் செலவு" என்று கொடுத்துவிட்டு, வெளியே சொல்ல வெட்கி அழுவோரை எண்ணியே இதனை அழுத்திக் கூறுகிறோம்.

இனி, உண்மையிலேயே புதையல் கிடைத்தால் செய்ய வேண்டியது என்ன? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அறிவித்தவரை இச்சட்டம் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. புதைத்தவரின் உரிமை மெய்ப்பிக்கப்படாவிடில், வேறு உடன்பாடு இல்லாதபோது நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும், எஞ்சியது நில உரிமையாளருக்கும் சேரும். அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரவேண்டும். ஆனால் பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். கருவி வைத்திருப்பது அதற்கு உரிமம் ஆகாது.

கிடைத்த பொருளைக் கழுவாமல், ஈரம் உலர்ந்தபின் காகித உறையிலிட்டு, எந்த வயல், எவ்வளவு ஆழம், உடன் பானையோட்டுச் சில்லு இருந்ததா என்பவற்றை உறையின்மேல் எழுதுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, அவர் வழியாக வட்டாட்சியருக்குத் தெரிவியுங்கள். மதுரை அரசு அருங்காட்சியகம் காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்திலேயே உள்ளது. பழங்காசுகளைப் பார்க்க விரும்பும் பிள்ளைகளை விடுமுறையில் அங்கே அழைத்துச் செல்லலாம்.