பெத்லகேமுக்கு வந்த குறத்தி

இயேசு பிறந்த கதையில் மேய்ப்பர்கள் உண்டு, சாஸ்திரிகள் உண்டு. குறி சொல்லும் குறத்தி உண்டா?

நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் எழுதிய கதையில் உண்டு! பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். சிறு வயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் அந்த ஐயரிடம் படித்தவர்தான்.

குற்றாலக் குறவஞ்சி என்ற பாட்டு நாடகத்தில் வசந்தவல்லி குற்றாலநாதர் மேல் காதல் கொள்வாள் இல்லையா? சாஸ்திரியார் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியில் தேவமோகினி மனதைப் பறிகொடுப்பது பெத்லகேம் நாதரிடம். அங்கேயும் குறத்தி வருகிறாள், மலைவளம் பாடுகிறாள், குறி சொல்கிறாள். குற்றாலச் சாரலில் செழித்த அந்தப் பாட்டு வடிவம் அப்படியே கிறிஸ்துவைப் பாட வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் வந்துவிட்டால் போதும், முக்கூடல் முதல் பாளையங்கோட்டை வரை தாமிரபரணிக் கரை ஊர்களில் கேரல் ரவுண்ட்ஸ் களைகட்டும். வாசலில் ஸ்டார் தொங்கும் வீட்டுமுன் பாடகர் குழு நின்று டோலக்கைத் தட்டினால், உறங்கிய பிள்ளைகளும் எழுந்து ஓடிவந்துவிடும்!

சபையாரின் கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அதில் சாஸ்திரியார் பாட்டுகளும் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் அவற்றைக் கேட்கலாம்.