பயிரிலும் கால்நடையிலும் மக்களிலும் காணும் பிறவி வெண்மை

நெல் நாற்றங்காலில் விதை முளைத்து இலை விரியும் பருவத்தில், பசுமையான நாற்றுகளுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பால்போல் வெளுத்த நாற்றுகள் தோன்றுவதை விவசாயிகளிற் பலர் கண்டிருக்கக்கூடும். அவை ஓரிரு வாரங்களுக்குள் வாடி மடிந்துபோகின்றன. எருமைக் கூட்டத்தில் எப்போதேனும் ஒரு கன்று இளஞ்சிவப்புத் தோலும் வெண்மயிரும் வெளிறிய கண்களுமாகப் பிறக்கிறது. காக்கை, அணில், பாம்பு முதலிய பிராணிகளிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. மக்களிலும், கறுத்த பெற்றோருக்கு வெளுத்த தோலும் வெண்பொன் நிறத் தலைமயிரும் உடைய குழந்தை பிறக்கக் காண்கிறோம். 'ஆல்பினிசம்' என்று வழங்கும் இவ்வியல்பைத் தமிழில் பிறவி வெண்மை எனலாம்.

இதனைத் தெய்வாம்சம் என்று கொண்டாடியவர்களும் உண்டு. சாபம் என்றும் தொத்துநோய் என்றும் அஞ்சி ஒதுக்கியவர்களும் உண்டு. இதன் உண்மைக் காரணம் அறியப்பட்டு நூறாண்டுகளுக்கு மேலாகியும், பழைய எண்ணங்கள் கிராமங்களை விட்டு முற்றும் அகலவில்லை. இவ்வியல்பினால் பயிருக்கு நேரும் நஷ்டம் சிறிது. அறியாமையினால் மக்களுக்கு நேரும் துன்பமோ பெரிது. ஆகையால் இதனைப் பற்றிய விவரங்களை நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் அறிந்திருத்தல் நலம்.

வெண்மையின் காரணம்

பிராணிகளின் தோலுக்கும் மயிருக்கும் கண்மணிக்கும் கருமை தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். உணவிலிருந்து உடல் பெறும் டைரோசின் என்ற சத்தை, டைரோசினேஸ் என்னும் நொதிப்பொருள் படிப்படியாக மாற்றி மெலனின் ஆக்குகிறது. இந்த நொதியோ, இதற்குத் துணையான வேறொரு கூறோ பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால் மெலனின் உண்டாவதில்லை, அல்லது மிகச் சிறிதே உண்டாகிறது. செடிகளில் இல்லாதுபோவது மெலனின் அன்று, பச்சையம். நிறப்பொருள் வேறாயினும், இக்குறை பெற்றோரிடமிருந்து சந்ததிக்கு இறங்கும் முறை பெரும்பாலும் ஒன்றே.

அம்முறை யாதெனில், ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு குணத்துக்கும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பரம்பரைக் கூறுகளைப் பெறுகிறது. இரண்டில் ஒன்று நல்லதாயிருந்தாற் போதும்; நிறம் உண்டாகிவிடும். மற்றொன்று பழுதாயிருப்பது வெளியே தெரியாது. இவ்வாறு மறைவாகப் பழுதுடைய இரண்டு பெற்றோர் கூடும்போது, பிறக்கும் நான்கில் ஒரு பங்கு வெண்மையாகவும், மூன்று பங்கு இயல்பான நிறத்தோடும் இருக்கும். இயல்பான அந்த மூன்றிலும் இரண்டு, பழுதை மறைவாகத் தாங்கி நிற்கும். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் என்னும் துறவி 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இதுவே. 1902ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் கெனோ, வெள்ளெலிகளின் வெண்மையும் இவ்விதிப்படியே இறங்குகிறதென்று காட்டினார். 1908ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் காரட், மக்களின் பிறவி வெண்மை உடலின் ரசாயன மாறுதல்களில் பிறப்பிலேயே நேர்ந்த ஒரு பிழை என்று விளக்கினார்.

நாற்றங்காலில் கவனிக்க வேண்டியவை

நெல் தன் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் சூல்கொள்ளும் பயிராதலால், மறைவான பழுதுடைய ஒரு தூரின் மணிகளில் நான்கில் ஒரு பங்கு வெண்ணாற்றாக முளைக்கும். பச்சையமில்லாத நாற்று சூரிய ஒளியைக்கொண்டு உணவு சமைக்க இயலாது. விதையிலுள்ள மாவுப்பொருள் தீரும்வரை உயிர்வாழ்ந்து, பின் மடிகிறது. இதற்கு எருவும் மருந்தும் பயன்படா. திருஷ்டி கழிப்பதாலும் பயனில்லை. விதைக்காகப் பயிரிடுவோர், வெண்ணாற்று தோன்றிய விதையின் மூலத்தை விலக்கி, கதிர் கதிராக வரிசையில் விதைத்து, வெண்மை காணும் வரிசை முழுவதையும் தள்ளிவிட வேண்டும். வெண்ணாற்றுகளை மட்டும் பிடுங்கினாற் போதாது; அவற்றின் பச்சை உடன்பிறப்புகளிலேயே பழுது தங்கியிருக்கிறது.

ஆனால் நாற்று வெளுப்பதெல்லாம் பிறவி வெண்மை ஆகாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மேட்டு நிலங்களில் இரும்புச் சத்துக் குறைவினால் நெல்லும் கரும்பும் வெளுக்கும். அப்போது பழைய இலைகள் பச்சையாக இருக்க, புதிய இலைகளே முதலில் நரம்புகளுக்கிடையில் மஞ்சளாகிப் பின் வெண்மையடையும். தனித்தனி நாற்றாக அன்றித் திட்டுத் திட்டாகத் தோன்றும். இதற்கு அன்னபேதி உப்பை ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தணிந்த வேளையில் இலைகளில் தெளித்தால் குணம் தெரியும். தழைச்சத்துக் குறைந்தாலோ, அடியிலுள்ள பழைய இலைகள் முதலில் மஞ்சளாகும். வைக்கோல் மூடாக்கின் கீழ் ஒளியின்றி வெளுத்த முளைகள், மூடாக்கை நீக்கியவுடன் தாமே பச்சையாகும். இந்த வேறுபாடுகளை அறிந்தால் வீண் செலவும் வீண் கவலையும் நீங்கும்.

கால்நடைகளில் வெண்மை

வெள்ளை மாடெல்லாம் பிறவி வெண்மையுடையதன்று. காங்கேயம் மயிலைப் பசுவின் மயிர் வெண்மையாயினும், அதன் மூக்கு, கண்ணிமை, குளம்பு, வால்குஞ்சம் ஆகியவை கறுத்தே இருக்கும். மயிர் வெயிலைத் திருப்பிவிட, அதன் கீழுள்ள கருந்தோல் உடலைக் காக்கிறது. நம் வெயிலுக்கு இதனினும் ஏற்ற போர்வை அரிது. பிறவி வெண்மையுடைய கன்றுக்கோ மூக்கும் இமையும் இளஞ்சிவப்பாயிருக்கும்; வெயிலில் கண் கூசும்; தோல் வெந்து புண்படும். அதற்கு நிழலும் கொட்டிலும் அவசியம்.

இத்தகைய கன்று பிறந்தால், அதன் தாய் தந்தை இரண்டுமே பழுதை மறைவாகத் தாங்கியவை என்று அறியலாம். அந்தக் காளையைப் பொலிகாளையாக வைத்துக்கொள்ளலாகாது. ஒரே காளையை அதன் மகளாகிய கிடாரிகளோடும் சேர்க்கும் வழக்கத்தினால், வெண்மை மட்டுமன்றி மறைந்துள்ள வேறு பல குறைகளும் வெளிப்படுகின்றன.

வெள்ளைப் புலியின் வரலாறு இதற்குச் சான்று. 1951ஆம் ஆண்டில் ரேவா மகாராஜா பிடித்து வளர்த்த மோகன் என்னும் வெள்ளைப் புலியை அதன் மகளோடு சேர்த்ததில், 1958ஆம் ஆண்டில் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. கருங்கோடுகளும் நீலக் கண்களும் உள்ளமையால் வெள்ளைப் புலி முழுமையான பிறவி வெண்மையுடையதன்று. ஆயினும் அதன் நிறம் இறங்கும் முறை அதுவே. நிறத்தைக் காக்க வேண்டி நெருங்கிய உறவிலேயே மேன்மேலும் இனம் பெருக்கியதால், மாறுகண் முதலிய குறைகள் அவ்வம்சத்தில் மிகுந்தன.

மாறிவந்த எண்ணங்கள்

அரிதான வெண்மையைக் கண்டவர்கள் அதற்கு ஒரு கருத்துக் கற்பித்தது இயல்பே. இந்திரனுக்கு ஐராவதம் என்னும் வெள்ளை யானையை நம் புராணங்கள் வாகனமாகக் கூறுகின்றன. சயாம் நாட்டில் வெள்ளை யானை அரசனுடைய பெருமைக்கு அடையாளமாயிற்று. 1563ஆம் ஆண்டில் பர்மிய அரசர் சயாம் மீது தொடங்கிய போருக்கு, கேட்ட வெள்ளை யானைகளைக் கொடுக்க மறுத்ததே காரணமாகக் காட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அந்நாட்டுக் கொடியிலும் வெள்ளை யானை விளங்கியது. அங்கே அவ்வாறு போற்றப்பட்டவற்றுள் பெரும்பாலானவை வெளிறிய நிறமுடையவையே அன்றி முழு வெண்மையுடையவை அல்ல.

பனாமா நாட்டுக் குணா மக்களிடையே பிறவி வெண்மை பிற இனங்களைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. 1681ஆம் ஆண்டில் அவர்களோடு தங்கியிருந்த லயனல் வேஃபர் என்ற ஆங்கிலேயர், தாய் கருவுறும்போது நிலவை நோக்கியதால் இவ்வாறு பிறப்பதாக அம்மக்கள் கூறியதை எழுதியிருக்கிறார். சந்திர கிரகணத்தின்போது நிலவை விழுங்கும் பூதத்தை அம்பெய்து விரட்டும் உரிமை இவர்களுக்கே உண்டென்பது குணா மக்களின் வழக்கு. கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்தால் பிள்ளைக்குக் குறை நேரும் என்று நம்மூரில் சொல்லப்படுவதும் இத்தகையதே. கர்ப்பிணி எதைப் பார்த்ததாலும் இவ்வெண்மை உண்டாவதில்லை.

மற்றோரிடத்தில் இதுவே வேடிக்கைப் பொருளாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கில் பார்னம் என்பவரின் காட்சிசாலையில், பிறவி வெண்மையுடைய குடும்பம் ஒன்றைப் பணம் கொடுத்துப் பார்த்தனர். கிழக்கு ஆப்பிரிக்காவில் நேர்ந்தது இதனினும் கொடிது. உலகில் சுமார் 17,000 முதல் 20,000 பேரில் ஒருவருக்குள்ள இவ்வியல்பு, தான்சானியாவில் சுமார் 1,400 பேரில் ஒருவருக்குக் காணப்படுகிறது. இவர்களின் உடலுறுப்பு செல்வம் தரும் என்ற மந்திரவாதிகளின் பேச்சை நம்பி, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலும் பலரைக் கொன்றனர். குழந்தைகளும் தப்பவில்லை. ஆக, இவர்களைச் சாதாரண மனிதரல்லர் என்று எண்ணுவதே, வணக்கத்துக்கும் கொலைக்கும் ஒருங்கே இடந்தந்திருக்கிறது.

அந்நாட்டிலேயே எண்ணம் மாறியும் வருகிறது. 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் லிண்டி தொகுதி மக்கள், பிறவி வெண்மையுடைய சாலும் பர்வானி என்பவரைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தனர். 2015ஆம் ஆண்டில் அரசாங்கம் மந்திரவாதிகளின் தொழிலைத் தடைசெய்தது. ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 13ஆம் தேதியை இவர்களுக்கான விழிப்புணர்ச்சி நாளாக அறிவித்து, அந்நாள் 2015 முதல் அனுசரிக்கப்படுகிறது.

நெருங்கிய உறவில் விவாகம்

1966ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் காட்டில் பிடிபட்ட வெள்ளைக் கொரில்லா ஒன்று, பார்சிலோனா மிருகக்காட்சிசாலையில் வளர்ந்து 2003ஆம் ஆண்டில் தோல் புற்றுநோயால் இறந்தது. அதன் பரம்பரைக் கூறுகளை ஆராய்ந்தவர்கள், அதன் பெற்றோர் மாமனும் மருமகளும் போன்ற நெருங்கிய உறவினர் என்று 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

தமிழ்நாட்டில் தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது நெடுங்கால வழக்கமாதலால், இச்செய்தி நமக்கு அயலானதன்று. இதன் கணக்கு எளிது. பழுதுள்ள கூற்றை மறைவாகத் தாங்குவோர் பொதுவில் சுமார் 70 பேரில் ஒருவர். அப்படிப்பட்ட ஒருவர் உறவல்லாத பெண்ணை மணந்தால், பிள்ளைக்கு வெண்மை நேரும் வாய்ப்பு 280இல் ஒன்றுக்கு மேற்படாது. தம் சகோதரியின் மகளை மணந்தாலோ, அவளிடமும் அதே கூறு இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு இடமுண்டு. ஆகவே பிள்ளைக்கு நேரும் வாய்ப்பு 16இல் ஒன்றாகிறது. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தால் 32இல் ஒன்று. பிறவிச் செவிடு முதலிய வேறு பல குறைகளுக்கும் இக்கணக்குப் பொருந்தும். நிலம் குடும்பத்துக்குள் இருக்கவேண்டுமென்று உறவில் மணம் பேசுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னரே இவ்வாறு பிள்ளை பிறந்த குடும்பங்கள் மருத்துவரின் யோசனையைக் கேட்பது அவசியம்.

கிராமத்தார் செய்யத்தக்கவை

பிறவி வெண்மை தொற்றாது, அது குஷ்டமன்று, இடையில் தோன்றும் வெண்புள்ளியும் அன்று. இருவரிடமிருந்தும் பழுதான கூறு வந்தாலன்றி அது பெரும்பாலும் தோன்றாதாகையால், தாயின் ஒழுக்கத்தை ஐயுறுவதும், மருமகளைத் தள்ளிவைப்பதும் அநியாயமாகும்.

இக்குழந்தைகளின் அறிவுக்கு யாதொரு குறையுமில்லை. ஆனால் விழித்திரை முற்ற வளராமையால் பார்வை மங்கலாயிருக்கும், கண்மணி அசைந்துகொண்டேயிருக்கும், வெளிச்சம் கூசும். கரும்பலகையிலுள்ள எழுத்துத் தெரியாமல் விழிப்பதைக் கண்டு, மந்தபுத்தி என்று பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். முதல் வரிசையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, பெரிய எழுத்துப் புத்தகம் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே படிப்பார்கள். கண்ணாடி முழுக் குணம் தராவிடினும் ஓரளவு உதவும். பார்வைக்குறை உரிய அளவினதாயின், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழும் சலுகைகளும் பெறலாம். இதனைப் பெற்றோருக்குத் தெரிவித்து, மனு எழுதிக் கொடுத்து உதவுவது கிராம அலுவலர்களின் கடமையாகும்.

இவர்கள் வளர்ந்தபின் உச்சிவெயிலில் களையெடுக்கவும் அறுவடை செய்யவும் அனுப்புவது தோல் புற்றுநோய்க்கு வழிசெய்வதாகும். நீண்ட கைச்சட்டையும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் அணியவேண்டும். ஆறாத புண் எதுவாயினும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டவேண்டும். பண்ணை வைத்திருப்போர் தம்மிடம் வேலைக்கு வரும் இத்தகையோருக்குக் கூலியில் குறைவின்றி, நெல் தூற்றுதல், மூட்டை எண்ணுதல், கணக்கு எழுதுதல், கொட்டில் பராமரித்தல் போன்ற நிழலில் செய்யும் வேலைகளைக் கொடுக்கலாம்.