நெற்களஞ்சியத்திற்கு முதிய பூனை

விலங்குக் காப்பகத்திற் பூனை பெறச் செல்லும் கமக்காரர் பெரும்பாலும் குட்டியையே நாடுவர். 7, 8 வயதுப் பூனையும் தக்கதே. அதன் குணம் முன்னரே தெரியும், இன்னும் பல்லாண்டு வாழவுங் கூடும். பெருச்சாளியை அது பிடிக்குமென எதிர்பார்த்தலாகாது. சுண்டெலியே அதற்கேற்ற இரை.

களஞ்சியத்தில் எலிநஞ்சு வைத்திருப்பின், பூனையைக் கொண்டுவருமுன் அதனை முற்றாக அகற்றுதல் வேண்டும். நஞ்சுண்டு தளர்ந்த எலியே முதிய பூனைக்கு எளிதில் அகப்படும்; அதனைத் தின்ற பூனையும் இறக்கக்கூடும். நஞ்சுக்குப் பதிலாக எலிப்பொறியைப் பயன்படுத்துக.

முதல் 3, 4 கிழமைகள் பூனையை ஓர் அறையில் அடைத்து, உணவும் நீரும் மணற்பெட்டியும் வைத்தல் வேண்டும். இன்றேல் அது ஓடிவிடும். பட்டினியிட்டால் நன்கு வேட்டையாடுமென்பது வீண் நம்பிக்கை. பசித்த பூனை அயல்வீட்டு அடுக்களைக்கே செல்லும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏற்றுவித்தல் அவசியம்.