உழவர் கூட்டங்களில் புதிதாகச் சேர்வோர் பேச்சைத் தொடங்கும் முறை

தாமிரபரணியின் முதல் அணைக்கட்டாகிய கோடைமேலழகியானிலிருந்து பிரியும் வடக்கு, தெற்குக் கால்வாய்களும், அவற்றை அடுத்த நதியுண்ணி, கன்னடியன் கால்வாய்களும் சேர்ந்து 18,090 ஏக்கர் நிலத்துக்கு நேரே பாசனம் அளிக்கின்றன. இப்பாசனத்தின் தலைப்பில் அமைந்த விக்கிரமசிங்கபுரம் வட்டாரத்தில், சாகுபடிக்குப் புதியவராக வருவோர் எப்போதும் சிலர் உண்டு. பஞ்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றபின் தந்தையின் வயலைக் கையில் எடுப்போர் சிலர். பட்டணத்திலிருந்து திரும்புவோர் சிலர். கணவர் அயலூரில் வேலை பார்க்க, நிலத்தைத் தாமே கவனிக்கும் பெண்மக்கள் சிலர். புதிதாகக் குத்தகைக்கு எடுத்தோர் சிலர். இவர்கள் உழவர் கூட்டத்துக்கு வருகிறார்கள். கையெழுத்திட்டு, பின்வரிசையில் அமர்ந்து, தேநீர் அருந்தித் திரும்புகிறார்கள். வாய் திறப்பவர் மிகச் சிலரே. ஆயினும் கூட்டத்தில் பேசாதவர் திரும்பும் வழியில் மருந்துக் கடையில் தாராளமாகப் பேசுகிறார் என்பதும், அங்கே கிடைக்கும் விடைக்குப் பணமும் கொடுக்கிறார் என்பதும் யாவரும் அறிந்ததே.

எந்தக் கூட்டத்தில் எதைப் பேசுவது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் குறைதீர்க்கும் நாள் மனுவுக்கு உரிய இடமாகும். மடை, மராமத்து, நீர் முறை ஆகியவை 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை உழவரே நிர்வகிக்கும் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு உரியவை. பயிரைப் பற்றிய ஆலோசனைக்கு ஏற்றது சிறு குழுவே. கூட்டுப் பண்ணையத் திட்டத்தின்கீழ் 2017-18 முதல் அமைக்கப்பெற்ற உழவர் ஆர்வலர் குழு ஒவ்வொன்றிலும் இருபது பேரும், அத்தகைய ஐந்து குழுக்கள் சேர்ந்த உற்பத்தியாளர் குழுவில் நூறு பேரும் இருப்பர். புதியவர் முதன்முதலாகப் பேசுவதற்கு இருபது பேர் கொண்ட அவையே தக்கது. நூறு பேர் முன்னிலையில், ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னால், பழகியவரும் தடுமாறுவர்.

இனி, தொடங்கும் விதத்தைப் பார்ப்போம். புதியவர் பெரும்பாலும், “மகசூல் கூட என்ன செய்ய வேண்டும்?” என்று பெருங்கேள்வியாகக் கேட்பார். இதற்கு விடை கூறின் பொழுது விடியும். கூறாவிடின் கேட்டவர் மனம் வருந்தும். வேறு சிலர், பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினையில் ஆரம்பித்து, பயிருக்கு வந்து சேருமுன் கேட்போரின் பொறுமையை இழந்துவிடுவர். “நீங்கள் சொன்ன உரத்தைப் போட்டுத்தான் கெட்டது” என்று குற்றஞ்சாட்டித் தொடங்குவாரும் உண்டு. இவருடைய குறை உண்மையாகவே இருக்கலாமெனினும், எதிரே இருப்போர் தம்மைக் காத்துக்கொள்ள முனைவரேயன்றிப் பயிரை நினையார்.

இவற்றினும் மிகுதியாகக் கேட்கப்படுவது, “பயிர் மஞ்சளாகிறது, என்ன மருந்து?” என்பதாம். நெற்பயிர் மஞ்சளிப்பதற்குக் காரணங்கள் பல. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை என்று எண்ணலாம். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இளம் இலையின் அடிப்பாகத்தில் நடுநரம்பு வெளுத்து, முதிர்ந்த இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றினால் துத்தநாகக் குறையாக இருக்கலாம். பயிர் குட்டையாகி, இலை ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் கொண்டால் பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயோ என ஐயுற வேண்டும். அந்நோய் கண்ட தூரைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை, பரப்பும் பூச்சியைத் தடுப்பதே வழி. மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. ஆகவே “மஞ்சள்” என்ற ஒரு சொல்லைக் கேட்டு உடனே மருந்து சொல்பவரை, அவர் எத்துணை அநுபவம் உடையவராயினும், நம்பலாகாது.

விடை பெறத்தக்க தொடக்கம் இவ்வாறு இருக்கும்: “அண்ணாச்சி, வடக்குக் கால்வாய்ப் பாசனத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர். அம்பை 16 நட்டு இருபத்திரண்டு நாள் ஆகிறது. மேட்டுப்பக்கம் பயிர் நன்றாயிருக்கிறது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் பத்து சென்ட்டில் மட்டும் இளம் இலை அடியில் வெளுத்திருக்கிறது. பத்து நாளைக்கு முன் யூரியா போட்டேன், குணம் தெரியவில்லை. இது எதனால்?” இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். நிலம், இரகம், பயிரின் வயது, கேடு தோன்றிய இடம், தாம் முன்பே செய்தது ஆகிய யாவும் இதில் அடங்கிவிட்டன. எதிரே இருப்பவர், “பள்ளத்து நீரை வடித்தீரா? நடுமுன் துத்தநாக சல்பேட் இட்டீரா?” என்று வினவுவார். இடவில்லையெனில், பத்து லிட்டர் நீரில் 50 கிராம் துத்தநாக சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கரைத்து இலைமீது தெளிக்கலாம் என்ற விடையும், அடுத்த பருவத்தில் நடுமுன் ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து இடவேண்டும் என்ற விடையும் அந்த இடத்திலேயே கிடைக்கும். “யூரியா போட்டேன்” என்று ஒப்புக்கொள்வதில் புதியவர் நாணுவதுண்டு. அதைச் சொல்லாது விட்டால், கூட்டத்தார் அதையே மறுபடியும் போடச் சொல்லக்கூடும்.

இதனைப் புதியவரின் சொந்த நலத்தைப் பற்றியது மட்டும் என்று பழைய மிராசுதார்கள் எண்ணிவிடலாகாது. பிசானப் பயிரில் புகையான் தோன்றுவதைக் காண்க. தண்டின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இப்பூச்சி கூடி இருந்து சாற்றை உறிஞ்சும். வரப்பின்மேல் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்தபின் அறிந்து என்ன பயன்? அதற்குள் அடுத்த வயலுக்குப் பரவியிருக்கும். தூருக்கு ஒரு பூச்சி, சிலந்திகள் இருக்கும் வயலாயின் இரண்டு, என்ற அளவு கண்டபோதே நடவடிக்கை வேண்டும் என்பது ஆராய்ச்சி நிலையத்தாரின் சிபாரிசு. நீரை வடித்தல், தழைச்சத்தை மிகையாக இடாதிருத்தல், எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடுதல் ஆகியவை வரப்பு ஒட்டிய வயல்கள் யாவற்றிலும் செய்யப்பட்டால்தான் முழுப்பயன் தரும். செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகளைத் தெளித்தாலோ, இரைவிழுங்கிகள் மடிந்து புகையான் முன்னிலும் பெருகும். இதை அறியாத புதியவர் முதலில் கண்டும் வாளாவிருந்து, கடையில் கேட்டு அம்மருந்தையே தெளித்தால், நஷ்டம் அவரோடு நில்லாது. அவருடைய மௌனத்துக்கு வரப்புக்கு அப்பாலுள்ளவரும் விலை கொடுப்பார்.

குத்தகைதாரரின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. நிலத்துக்குரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, “பயிர் கெட்டிருக்கிறது” என்று எழுந்து சொல்லக் குத்தகைதாரர் துணியார். சொன்னால் அடுத்த ஆண்டு நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சம் அவருக்கு உண்டு. இவ்வச்சத்தை நீக்குதல் நிலமுடையார் கையில் இருக்கிறது. “நம் வயலில் என்ன கண்டீர், அவையில் சொல்லும்” என்று அவரே முதலில் கூறிவிட்டால் காரியம் எளிதாகும். பெண்மக்கள் கேட்கும்போது விடையை அவர்களை நோக்கியே சொல்லுதல் வேண்டும். உடன் வந்த ஆடவரைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உள்ளது, அது விடப்படவேண்டியது.

உழவரைச் சிறு குழுவாகக் கூட்டி வைத்துப் பேசச் செய்யும் முறை பிற நாட்டிலும் சோதிக்கப்பட்டதே. கனடாவில் 1941-இல் தொடங்கிய வானொலிப் பண்ணை மன்றத்தில் அயலார் ஒரு வீட்டில் கூடி, நிகழ்ச்சியைக் கேட்டு விவாதித்துத் தம் கருத்தை எழுதி அனுப்பினர். அதைத் தழுவி, 1956-இல் புனாவைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில், யுனெஸ்கோவின் உதவியோடு வானொலி கிராம மன்றங்கள் அமைக்கப்பெற்றன. வானொலிப் பெட்டி மட்டும் இருந்த கிராமங்களைவிட, கேட்டபின் கூடிப் பேசிய கிராமங்களிலேயே அறிவு மிகுதியாக வளர்ந்ததென ஆய்ந்தோர் கண்டனர். பெட்டியிலிருந்து வந்த சொல் இருவகைக் கிராமத்துக்கும் ஒன்றே. பேச்சு ஒன்றே வேறுபாடு.

ஆதலின் குழுத் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் செய்யத்தக்கவை சில உண்டு. புதியவர் எழுந்ததும், “நீர் யார் மகன்?” என்று தொடங்குவது தென்பாண்டி நாட்டு வழக்கம், அதை அடியோடு விடச் சொல்வது வீண், ஆனால் அடுத்த கேள்வியாவது “எந்த மடைப் பாசனம், என்ன இரகம்?” என்று இருக்கட்டும். எண்மர் ஒருங்கே விடை கூறுவதைத் தலைவர் தடுத்து, அதே மடையில் பயிரிடும் ஒருவரை முதலில் பேசச் செய்தல் நன்று. முதற் கேள்வியைக் கேட்டு யாரேனும் நகைத்தால், அந்தப் புதியவர் மறுமாதம் வரமாட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த இருவரும் வரமாட்டார்கள். வினாவையும் கூறப்பட்ட விடையையும் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் ஒரு வரியில் குறித்து, அடுத்த கூட்டத்தில் அவரைக் கொண்டே பலனைச் சொல்லச் செய்தால், இரண்டாம் முறை பேச அவருக்கு யாரும் தைரியம் சொல்ல வேண்டியதில்லை.

பேச நா எழாதவர் பயிரையே கொண்டுவரலாம். கேடுற்ற தூர் இரண்டும், அதே வயலில் நன்றாயுள்ள தூர் ஒன்றும் வேரோடு பிடுங்கி, மண்ணுடன் ஈரச்சாக்கில் சுற்றி, நட்ட தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிட வேண்டும். கூட்டத்தாரால் தீர்மானிக்க இயலாதவற்றை, அச்சீட்டுடனேயே 1937-இல் நிறுவப்பெற்ற அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அன்றைய தினமே, தூர் வாடுமுன், கொண்டுபோய்க் காட்டலாம்.