டிவி வாங்கப் போறீங்களா? பாட்டியையும் கூட்டிக்கிட்டுப் போங்க!

தீபாவளி நெருங்கிவிட்டால் தோட்டத்தில் முதலில் கிளம்பும் பேச்சு, "இந்த வருசமாவது அந்தப் பழைய டிவியை மாத்திடணும்" என்பதுதான். தாராளமாக மாற்றுங்கள். நாள் முழுக்கச் செம்பனைக் குலையோடு போராடிவிட்டு வந்து உட்காருகிறவருக்கு இரண்டு மணி நேரம் படம் பார்க்க உரிமை இல்லையா என்ன? ஆனால் ஒன்று. பட்டணத்துக் கடையில் பளபளவென்று மின்னும் தட்டை டிவி, நம் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே மின்னும் என்று நம்பிவிடாதீர்கள். கடையில் நாம் நேர் எதிரே நின்று பார்க்கிறோம். வீட்டிலோ ஒருவர் பாயில், ஒருவர் நாற்காலியில், பாட்டி சுவரோரமாகச் சாய்ந்தபடி. டிவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த வீட்டுக்காகத்தான், கடைக்காக அல்ல.

புறப்படும் முன் ஓர் அளவு நாடாவை எடுத்து வீட்டை அளந்து கொள்ளுங்கள். 43 அங்குல டிவி என்றால் அது அகலக் கணக்கு அல்ல. மூலைக்கு மூலை குறுக்கே அளந்த கணக்கு. அகலம் ஏறக்குறைய 37½ அங்குலம், உயரம் 21 அங்குலம். 32 அங்குல டிவியின் அகலம் 28, 55 அங்குல டிவியின் அகலம் 48. இப்போது வரும் டிவிகளில் பலவற்றுக்கு இரண்டு ஓரத்திலும் இரண்டு கால்கள். அலமாரி அதைவிடக் குறுகலாக இருந்தால் ஒரு கால் அந்தரத்தில் தொங்கும்! சுவரில் மாட்டிக் கொள்ளலாம் என்பவர்கள், பலகைச் சுவர் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பத்தடிக் கூடத்தில் ஆறு ஏழு அடி தள்ளி உட்காருகிறவர்களுக்கு 43 அங்குலம் தாராளம். "பக்கத்து வீட்ல 55 வாங்கிட்டாங்களே" என்பது ஒரு காரணமே அல்ல.

அடுத்து, கடைக்காரர் பெரும்பாலும் வாய் திறக்காத விஷயம். பழைய கண்ணாடிக் குழாய் டிவியில் படம் திரையிலேயே ஒளிர்ந்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே நிறம்தான். இப்போது 'எல்.இ.டி.' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் திரவப் படிகத் திரைகள். விளக்கு பின்னால் இருக்கிறது. முன்னால் உள்ள படிகங்கள் கதவு மாதிரித் திறந்து மூடி ஒளியை விடுகின்றன. நேராகப் பார்த்தால் சரி, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சில திரைகளில் நிறம் வெளுத்துவிடும். இவற்றில் இரண்டு வகை அதிகம். 'ஐ.பி.எஸ்.' வகையில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது, ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும். 'வி.ஏ.' வகையில் கறுப்பு நல்ல கறுப்பு, ஓரத்தில் உட்காருகிறவர்களுக்குத்தான் நஷ்டம். கூடம் நிறைய ஆள் உட்காரும் வீட்டுக்கு முதல் வகைதான் நல்லது. 'ஓ.எல்.இ.டி.' திரை தானே ஒளிர்வதால் இந்தக் குறை இல்லை, ஆனால் அதன் விலை நமக்கு ஒத்துவராது.

பெயரெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை. கடையில் கூச்சப்படாமல் பக்கவாட்டில் போய் நில்லுங்கள், குனிந்து கீழேயிருந்தும் பாருங்கள். முகத்தின் நிறம் மாறுகிறதா? பாட்டியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "தெரியுதா ஆயா?" என்று கேளுங்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், காசு நம்முடையது.

கடையில் ஓடுவது டிவியைக் காட்டுவதற்கென்றே எடுத்த படம். வெளிச்சத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். "வீட்டு நிலைக்கு மாத்திட்டு, செய்தி போடுங்கய்யா" என்று கேளுங்கள். செய்தி வாசிப்பவர் பேசுவது காதில் தெளிவாக விழுகிறதா என்றும் அப்போதே கவனியுங்கள். மெல்லிய டிவியில் ஒலிபெருக்கி சிறியது, பலவற்றில் அது கீழ்நோக்கியோ பின்னோக்கியோ இருக்கும். பாட்டுப் போட்டால் இந்தக் குறை தெரியாது.

'4கே' என்ற எழுத்துக்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். முழு எச்.டி. திரையில் 1920க்கு 1080 புள்ளிகள், 4கே-யில் 3840க்கு 2160. ஆனால் நாம் பார்க்கும் இலவச ஒளிபரப்பு அந்தத் தரத்தில் பெரும்பாலும் வருவதில்லை. ஏழடி தள்ளி உட்கார்ந்து 43 அங்குலத்தில் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. விலை ஒன்றாக இருந்தால் 4கே எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

ஏரியல் விஷயம் முக்கியம். 1963 டிசம்பர் 28-இல் நம் நாட்டில் தொடங்கிய பழைய முறை ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இப்போது எல்லாம் டிஜிட்டல். டிவிக்குள்ளேயே 'டிவிபி-டி2' வாங்கி இருந்தால் யு.எச்.எஃப். ஏரியலை நேராகச் செருகிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் தனிப் பெட்டி வேண்டும். யாரோ கொடுத்த பழைய தட்டை டிவியை மலிவாக வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டமென்றால், பக்கத்து லயத்தில் எத்தனை நிலையங்கள் தெளிவாக வருகின்றன என்று விசாரித்துவிட்டுப் போங்கள். எச்.டி.எம்.ஐ. துளை இரண்டாவது இருக்கட்டும்.

'ஸ்மார்ட்' டிவி பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் வீட்டில் இணைய இணைப்பு இல்லாமல் கைப்பேசி டேட்டாவில் ஓட்டினால், எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை குடித்துவிடும்.

மின்சாரத்துக்கு அதிகம் பயப்பட வேண்டாம். 80 வாட் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 12 யூனிட்தான். வாங்கும்போது நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள், நட்சத்திரம் கூடினால் மின்சாரம் குறையும். பயப்பட வேண்டியது இடிக்குத்தான். வானம் கறுத்தால் சுவிட்சை மட்டும் அடைத்தால் போதாது. மின் பிளக்கையும் ஏரியல் கம்பியையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். இடி தாக்கிய டிவிக்குப் பெரும்பாலும் வாரண்டி செல்லாது. திரை உடைந்தாலும் அப்படித்தான். மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும். ஆகவே லாரியில் கொண்டு வரும்போது படுக்க வைக்காதீர்கள், பெட்டியோடு நிமிர்த்தி வையுங்கள்.

கடைசியில் தவணைப் பேச்சு. "மாசம் 75 வெள்ளிதான் அண்ணே" என்பார்கள். எத்தனை மாதம் என்று கேளுங்கள். 24 மாதம் என்றால் 1,800 வெள்ளி. அதே டிவி ரொக்கத்துக்கு 1,200 என்றால், அந்த 600 வெள்ளி யாருடைய வியர்வை? பாதி பணம் சேரும்வரை பழைய டிவியே ஓடட்டும் என்று சொல்கிற மனைவியின் பேச்சைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். தவணையில்தான் முடியும் என்றால், மொத்தத் தொகையை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ரசீதில் டிவியின் மாடல் எண்ணும் கடை முத்திரையும் இருக்க வேண்டும். வாரண்டி திரைக்கும் சேர்த்தா, பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாமே முப்பது மைல் தூக்கிப் போக வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

டிவி பழுதாகி, கடைக்காரர் இன்று நாளை என்று அலைக்கழித்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இருக்கும் அதே டின்னுக்குள் அதையும் போட்டு வையுங்கள்.