பழைய ஜன்னலைத் தேய்க்கும் முன்

மார்கழி பாதி கழிந்தாலே வீடுகளில் பெயின்ட் வேலை தொடங்கிவிடும். பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம். பெயின்டர் உப்புத்தாளை மடித்து ஜன்னல் கட்டையை வறட்டுவறட்டென்று தேய்ப்பார். மாவு போல் தூசி பறந்து தரையில் படியும். சாயங்காலம் அதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு, அதே தரையில் குழந்தையைத் தவழ விடுவோம். அந்தத் தூசியில் காரீயம் இருக்கலாம். பெயின்ட் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. அது உதிரும்போதும் சுரண்டும்போதும்தான் ஆபத்து.

சுவரில் அல்ல, ஜன்னலில்

காரீயச் சேர்மங்கள் கலந்த எனாமல் சீக்கிரம் காயும், நிறம் மங்காது, வெயில் மழையைத் தாங்கும். பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் லெட் குரோமேட் என்ற காரீயச் சேர்மத்தைச் சேர்ப்பார்கள். ஆகவே சுண்ணாம்பு அடித்த சுவரை விட்டுவிட்டு கதவு, ஜன்னல், கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, ஊஞ்சல், தொட்டில் இவற்றைக் கவனியுங்கள். திறந்து மூடும் ஜன்னலில் மரத்தோடு மரம் உரசி, யாரும் தேய்க்காமலே தினமும் கொஞ்சம் பொடி உதிரும்.

வீட்டு பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று இந்தியா விதி கொண்டுவந்ததே 2016-ல்தான். எனவே செட்டிநாட்டு வீடு மட்டும் பழைய வீடு என்று நினைக்க வேண்டாம். 2005-ல் கட்டிய அடுக்ககமும் இந்தக் கணக்கில் பழையதுதான்.

பிரிஸ்பேன் வராந்தாக்கள்

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1890-களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வயிற்றுவலி, கை கால் தளர்ச்சி, பார்வைக் கோளாறு என்று குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். காரீய நஞ்சு என்று தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. 1904-ல் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், வீட்டு வராந்தாக் கைப்பிடிகளில் அடித்த பெயின்டைக் காட்டினார். வெயிலில் பொடிந்து நின்ற பெயின்ட் பிள்ளைகளின் விரலில் ஒட்டியது. விரல் சூப்பும்போதும் நகம் கடிக்கும்போதும் வயிற்றுக்குள் போனது. பிரிஸ்பேன் இருக்கும் மாநிலம் காரீய பெயின்டைக் கட்டுப்படுத்தி 1922-ல் சட்டம் போட்டது. அமெரிக்கா வீட்டு பெயின்டில் காரீயத்தைத் தடுத்தது 1978-ல். நாம் எவ்வளவு தாமதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்குள் போனால்

இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு ஈர்த்துக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. கவனம் சிதறும், படிப்பு பின்தங்கும். பையன் சேட்டை, மந்தம் என்று திட்டுவோமே தவிர, காரணம் ஜன்னலில் இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? எலும்பில் சேர்ந்த காரீயம் பல்லாண்டு தங்கும். கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் கலந்து கருவையும் எட்டும்.

வெளியே அறிகுறி தெரியாமலே போகலாம். ரத்தசோகை, அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், மண்ணோ பெயின்ட் துணுக்கோ தின்னும் பழக்கம் இருந்தால் ரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். கேழ்வரகு, பால், கீரை, நெல்லிக்காய் நல்லவை. சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக ஈர்க்கும். ஆனால் அந்தக் கீரையைப் பெயின்ட் உதிரும் ஜன்னலுக்கு அடியில் பாத்தி கட்டி வளர்க்காதீர்கள்.

வேலை நடக்கும்போது

பழைய பூச்சு உறுதியாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். மேலேயே புதுப் பூச்சு அடிக்கலாம். உதிரும் இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள். தீயைக் காட்டிப் பெயின்டை உரிக்கவே கூடாது. புகையில் காரீயம் வரும். கழற்றிய பழைய ஜன்னலை வெந்நீர் அடுப்பில் வைப்பதும் அப்படித்தான். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த நாட்களில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. தரையில் பிளாஸ்டிக் விரித்து, வேலை முடிந்ததும் உள்பக்கமாக மடித்து அப்புறப்படுத்துங்கள். பிறகு துடைப்பத்தைத் தொடாமல், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். புது டப்பா வாங்கும்போது காரீய அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்; தொழிற்சாலைக்கான பெயின்டுக்கு அந்த 90 பிபிஎம் விதி இல்லை, கடைக்காரர் மலிவென்று கொடுத்தாலும் ஜன்னல் கம்பிக்கு வேண்டாம்.

நாம் ஒரு வாரம் படும் தூசியைப் பெயின்டர் ஆண்டு முழுக்கச் சுவாசிக்கிறார். சட்டையில் சுமந்து தன் பிள்ளையிடமும் கொண்டுபோகிறார். அவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், உடை மாற்றிக் கைகால் கழுவ இடம் கொடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகும். அந்தக் கூடுதல் கூலியில் பேரம் பேசாதீர்கள்.